பதினாலாவது பெட்டி

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் யாராவது "அட்டாச்!" என்று குரல் கொடுத்தால், கதவோர மூலையில் ஒரு நாற்காலி கிறீச்சிடும். பிறகு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு அவசரமே இல்லாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மேலாளரில் தொடங்கி வாசலில் வண்டி நிறுத்த வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அட்டாச்.

காரணம் இதுதான். அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களில் வேலைக்கு ஒன்றாக மென்பொருள்கள் இருந்தன. குழாய் வரைபடத்துக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று, மீட்டர் படங்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே கேள்விதான்: எந்த ஃபைலை அட்டாச் செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்க ஒவ்வொன்றும் ஒரு பெட்டியைத் திரையில் திறக்கும். கேள்வி ஒன்றாக இருந்தாலும் கேட்கிற முறைதான் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை.

வரைபடத்தின் பெட்டி தபால்தலை அளவில் திறக்கும். பெயரில் முதல் ஆறு எழுத்துதான் தெரியும். ஊரில் உள்ள எல்லாக் குழாயும் அதில் "குழாய் வ..." என்றே நிற்கும். மீட்டர் படப் பெட்டியில் பெயரே கிடையாது, வெறும் படம். நானூறு மீட்டர்கள் நானூறு இரட்டைப் பிறவிகள் மாதிரி முறைத்துப் பார்க்கும். கடிதப் பெட்டியை இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அதே பழக்கத்தில் புகார்ப் பெட்டியை இரண்டு முறை தட்டினால் புகார் இரண்டு தடவை போய்விடும். அப்படித்தான் ஒருமுறை ஒரே உடைந்த குழாய்க்கு இரண்டு கோஷ்டிகள் வந்து, தெருவின் இரண்டு பக்கத்தையும் தோண்டி, நடுவில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன.

இத்தனையையும் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த ஒரே ஆள் அட்டாச். பதவியின் பெயர் 'கணினி இயக்குநர், தற்காலிகம்'. அந்தத் தற்காலிகம் பன்னிரண்டு வருடமாக நீடித்தது. வரலாற்றில் பட்டம் வாங்கியவர் அவர். அவருடைய வம்சத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் கால் அவருடையது. படித்தது வீண்போகக் கூடாது என்று இருநூறு பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்து வைத்திருந்தார். எந்தப் பெட்டி எந்த வருடம் வந்தது, எந்தப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தது, அதன் ஆட்சியில் மக்கள் பட்ட துன்பங்கள் என்னென்ன, எல்லாம் அதில் இருந்தன. மொத்தம் பதினாலு பெட்டிகள்.

ஊரில் இருந்த அப்பாவுக்கு மட்டும் இந்தப் பெருமை ஏறவே இல்லை.

"ஆபீஸ்ல உனக்கு என்னதான்டா வேலை?" என்று போனில் கேட்பார்.

"ஃபைல் எடுத்துக் குடுப்பேன்ப்பா."

"அது பியூன் வேலையில்ல?"

"இது கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுக்கிறதுப்பா."

"கம்ப்யூட்டர் வந்தும் நீதான் எடுத்துக் குடுக்கணுமா? அப்ப அது எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தார் அட்டாச்.

தற்காலிகம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். மேலாளர் ஒரு பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தலைமையகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசித் தேதி மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிக்கொள்ளும். கடிதம் போய்ச் சேர்ந்தால் இன்னொரு வருடம் வேலை. சேராவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தளத்திலும் ஃபைல் கேட்கிற பெட்டி ஒன்று உண்டே! இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வந்த மூன்று மேலாளர்களுக்கும் அது பிடிபடவே இல்லை. ஆகவே வருடா வருடம் அவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார்கள். அட்டாச் உட்கார்ந்து தன்னுடைய பரிந்துரையைத் தானே ஏற்றிக்கொள்வார். தன் வேலையைத் தானே நீட்டித்துக்கொண்ட ஊழியர் வேறு எந்த அலுவலகத்திலும் இருந்திருக்க மாட்டார்.

இப்போதைய மேலாளருக்கு அவர் ஒரே ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். நீர்மட்ட அறிக்கையை மேலாளர் தினமும் காலையில் அதே தளத்தில் அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டியில் புது ஃபைல் எப்போதும் வரிசையின் அடியில் போய் உட்காரும். "சார், எதையும் தேடாதீங்க. கீபோர்டுல 'எண்ட்'னு ஒன்னு இருக்கு பாருங்க. அத அமுக்குனா கடைசிக்குப் போயிடும். அப்புறம் 'எண்டர்'. அவ்வளவுதான்." மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஒன்பதரை மணிக்கு அவர் அறையிலிருந்து "எண்ட், எண்டர்!" என்று கேட்கும். வரைபடம் வரைகிற அக்கா அதைக் கேட்டுத்தான் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான், கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, தலைமையகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கனத்த பை, கழுத்தில் அடையாள அட்டை. மென்பொருள் பிரிவுக்கே பொறுப்பு அவர்தானாம். எல்லோரையும் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே எந்த மென்பொருளும் சொந்தமா ஒரு பெட்டி வச்சுக்கக் கூடாது. அதுக்கு ஃபைல் வேணும்னா கம்ப்யூட்டர்கிட்டதான் கேக்கணும். கம்ப்யூட்டர் உங்க முன்னாடி ஒரு பெட்டிய நீட்டும். எங்க போனாலும் அதே பெட்டி, அதே பட்டன், அதே இடம். நீங்க எடுத்துக் குடுக்கிற ஒரு ஃபைல் மட்டும்தான் மென்பொருளுக்குப் போகும். மத்தத அது எட்டிக்கூடப் பாக்க முடியாது."

புகார்ப் பிரிவுக்காரர் அட்டாச்சின் காதில் கிசுகிசுத்தார். வயதில் மூத்தவர். இவரை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். "மாப்ளே, கம்ப்யூட்டரே ஒரு அட்டாச்ச வேலைக்கு வச்சுக்கிச்சுன்னு சொல்றாங்க."

அட்டாச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த அம்மா நேராக அவருடைய மூலைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க என்னென்ன பெட்டி இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? 'சரி' பட்டன் வலது பக்கம் இருக்கணுமா, இடது பக்கமா?"

பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. "எடுத்துக் குடு" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அட்டாச் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. பட்டன் எங்கே இருந்தாலும் பரவாயில்லை மேடம், ஆனால் இருக்கிற இடத்திலேயே இருக்கணும். போன தடவை எந்த இடத்தில் விட்டோமோ அங்கேயே திறக்கணும். எந்த மென்பொருள் கேட்கிறது என்று தலையிலேயே எழுதியிருக்கணும். பெயரைத் தொட்டதும் பக்கத்தில் படம் தெரியணும். முக்கியமாக, புது ஃபைல் எப்போதும் மேலே வரணும், அடியில் இல்லை.

"ஏன் மேல?"

"இப்ப வச்சததான் மேடம் இப்ப தேடுவாங்க. மேசை மேல கடைசியா வச்ச தாள் மேலதான இருக்கும்? அடியிலயா போய் ஒளியும்?"

அந்த அம்மா விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். "இதெல்லாம் அப்படியே போட்டுடறேன். உங்க நோட்ட எனக்குக் குடுப்பீங்களா? மாத்த வேண்டிய பெட்டி ஒன்னுகூட விட்டுப்போகக் கூடாது."

மறுநாள் தருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார் அட்டாச். மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த மனைவி விஷயத்தைக் கேட்டதும் தட்டை வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது.

"அந்த நோட்டுனாலதான உங்களுக்கு அங்க நாற்காலி? அதத் தூக்கிக் குடுத்துட்டு?"

"அவங்க கருத்துக் கேட்டாங்க தெரியுமா? எழுதி வேற வச்சுக்கிட்டாங்க."

"நாளைக்கு வந்து சட்டை நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

"குடுக்கலன்னா அல்பமா இருக்காதா?"

மனைவி சோற்றைப் போட்டாள். "குடுங்க. ஆனா எல்லாத்தையும் குடுக்காதீங்க. ஒன்னாவது கையில இருக்கட்டும்."

சாப்பிட்டு முடித்ததும் அட்டாச் நோட்டைப் புரட்டினார். பதினாலாவது பெட்டி கண்ணில் பட்டது. தலைமையகத் தளத்தில் தப்பான ஃபைல் போய்விட்டால், அதை எடுத்துவிட்டு வேறு ஃபைலைப் போட 'மாற்று' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வருகிற பெட்டி அது. பிறவிக் கோணல். திறக்கும், ஆனால் பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு திறக்கும். அதில் 'சரி'யை அழுத்தினால் எதுவும் போகாமல் மறைந்துவிடும். 'மூடு' என்பதை அழுத்தினால்தான் ஃபைல் போகும். எட்டு எழுத்துக்கு மேல் பெயர் இருந்தால் வாங்கவே வாங்காது. இதைச் செய்தவன் மாமியார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி ஒரு பெட்டி இருப்பதே அட்டாச்சைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஸ்கேலை வைத்து, தடம் தெரியாமல், அந்தப் பக்கத்தைக் கிழித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நோட்டின் அட்டையில் பதினாலு என்று இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார்.

அந்த அம்மா நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இத மாதிரி யாருமே குடுத்ததில்ல" என்றார். சட்டைப் பையில் தாள் முள் மாதிரி உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து மாற்றம் நாளுக்கு ஒரு பெட்டியாக வந்தது. முதலில் வரைபடம் மாறியது. வரைபட அக்கா "அட்டாச்!" என்று கூப்பிட வாயைத் திறந்தவள், திரையைப் பார்த்து, வாயை மூடி, தானே ஃபைலை எடுத்துப் போட்டாள். பிறகு எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். "யாராவது பாத்தீங்களா? நானே எடுத்தேன்!" யாரும் பார்க்கவில்லை என்றதும் அந்த ஃபைலை வெளியே எடுத்துவிட்டு எல்லோரையும் வரவழைத்து மறுபடி போட்டுக் காட்டினாள்.

அடுத்து புகார்ப் பிரிவு, அப்புறம் மீட்டர். ஒவ்வொரு நாளும் "அட்டாச்!" குரல் ஒன்று குறைந்தது. அவர் சும்மாவே எழுந்து மேசைகளுக்கு நடுவே உலாத்துவார். "என்னக்கா, பெட்டி ஏதும் தகராறு பண்ணுதா?"

"இல்லப்பா. தங்கம்."

"மாமா, உங்களுக்கு?"

"நீ போய் உக்காரு மாப்ளே. செருப்பு தேஞ்சிரப் போகுது."

இரண்டாம் வாரத்தில் அவர் மூலையில் உட்கார்ந்து ஸ்டேப்ளருக்கு முள் நிரப்பினார். நிரம்பியதைக் கொட்டி மறுபடி நிரப்பினார். சொன்னதை எல்லாம் அந்த அம்மா அப்படியே போட்டிருந்தார். படம் பக்கத்தில் தெரிந்தது. புது ஃபைல் மேலே வந்தது. பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பரிந்துரைக்கு அன்றுதான் கடைசி நாள். காலை ஒன்பதரைக்கு "எண்ட், எண்டர்!" ஒலித்தது. பன்னிரண்டு மணிக்குத் தலைமையகத் தளமும் புதுப் பெட்டிக்கு மாறியது. மேலாளர் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை ஸ்கேன் செய்து முடிக்க நாலேகால் ஆனது. அட்டாச் வழக்கம்போல அறைக்குள் போய், மேலாளர் எழுந்துகொள்வார் என்று நின்றார்.

மேலாளர் எழவில்லை. இரண்டு வாரமாக ஆளாளுக்குத் தானே ஃபைல் போட்டுப் பீற்றிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் நானே ஏத்தறேன்யா."

"சார், எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்..."

"என்ன சிரமம்? ஊரே போடுது. நான் போடக் கூடாதா? மவுஸத் தொடாத. தள்ளி நில்லு."

அட்டாச் தள்ளி நின்றார். வரைபட அக்காவும் புகார்க்காரரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பெட்டி அழகாகத் திறந்தது. மேலேயே, முதல் வரிசையிலேயே, பரிந்துரைக் கடிதம் நின்றது. மேலாளர் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"பாருங்க, கண்ணால பாக்காமலே செய்றேன். எண்ட்..."

"சார்!" என்றார் அட்டாச்.

"...எண்டர்!"

இரண்டுக்கும் நடுவே அரை விநாடிதான். ஆனால் தொட்ட ஃபைலின் படம் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அட்டாச் ஆயிற்றே. அரை விநாடி அந்தப் படம் தெரிந்தது. ஒரு ஆள். அடர்த்தியான, சுருள் சுருளான, நெற்றியில் வந்து விழுகிற முடி. அந்த முடிக்குக் கீழே மேலாளரின் மூக்கு.

புது ஃபைல் மேலே வந்தால் கடைசியில் இருப்பது ஆகப் பழையது. மேலாளர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் கொட்டி வைப்பார். ஆகப் பழையது, நாலு வருடத்துக்கு முன் அவர் ஒரு கடையில் பொய்முடி வைத்துப் பார்த்தபோது எடுத்த படம். வீட்டில் இருந்தால் பிள்ளைகள் பார்த்துவிடும் என்று அலுவலகக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தார். அதன் பிறகு பொய்முடியும் வாங்கவில்லை, படத்தை அழிக்கவும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் பணிபுரிந்த கணினி இயக்குநருக்கு மேலும் ஓர் ஆண்டு நீட்டிப்புக் கோரும் பரிந்துரையாக, சுருள்முடி மேலாளர் புன்னகையோடு தலைமையகம் போய்ச் சேர்ந்தார். புது ஃபைல் மேலே வர வேண்டும் என்று கேட்டதும் அட்டாச்தான். எண்ட், எண்டர் சொல்லிக் கொடுத்ததும் அட்டாச்தான்.

"போயிடுச்சு பாத்தியா!" என்று கையைத் தட்டிக்கொண்டார் மேலாளர்.

 புகார்க்காரர் வரைபட அக்காவிடம், "முடியோட நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

மேசையில் இருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல். முதல் நாள் என்பதால் தளத்துக்கு வருவதை எல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"சார், உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு... படம் வந்திருக்கு."

"என்ன படம்?" என்று திரையைப் பார்த்த மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அந்த முகம் பல நிறங்களைப் பார்த்துவிட்டு வெளிர் மஞ்சளில் வந்து நின்றது. "ஐயையோ! மேடம், பாக்காதீங்க! மாத்தறேன், இப்பவே மாத்தறேன்!"

'மாற்று' பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கதவைத் தட்டுகிற மாதிரி மொத்தம் பதினேழு முறை தட்டினார். "உறைஞ்சு போச்சு! கம்ப்யூட்டர் உறைஞ்சு போச்சு!"

மணி நாலு நாற்பத்தொன்று. அட்டாச்சுக்கு மட்டும் தெரியும், எதுவும் உறையவில்லை. பக்கத்துக்குப் பின்னால் பதினேழு பெட்டிகள் வரிசையாக ஒளிந்து நின்று மூச்சுவிடாமல் காத்துக்கொண்டிருக்கின்றன.

"எந்தப் பெட்டி அது?" என்றது போன். "எங்கிட்ட இருக்கிற பதிமூணும் மாத்தியாச்சே. நோட்டுல 'மாற்று'ன்னு ஒன்னு இல்லவே இல்லையே."

அட்டாச்சின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சொல்லாமலே சரிசெய்துவிடலாம். ஆனால் இல்லாத பெட்டியைப் பின்னாலிருந்து வெளியே இழுக்கிற ஆளைப் பார்த்து, உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். சும்மா நின்றால் ஐந்து மணிக்குத் தளம் மூடும். பொய்முடி அங்கேயே தங்கும். அடுத்த வாரம் இந்த மூலையில் அவர் நாற்காலி இருக்காது. நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட அந்த அம்மாவின் முகம்தான் கண் முன் வந்தது.

"மேடம்" என்றார் அட்டாச். "பதினாலு இருந்துச்சு. ஒரு பக்கம் நான்... கிழிச்சு வச்சுக்கிட்டேன்."

மேலாளர் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்?" என்றது போன்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா நான் எதுக்குன்னு இருந்துச்சு மேடம்."

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கம் கையில இருக்கா?"

"இருக்கு."

"படிங்க. படிச்சுக்கிட்டே செய்ங்க. நானும் எழுதிக்கிறேன்."

மேலாளர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "உக்காருய்யா! இன்னும் என்ன நிக்கற!"

அட்டாச் உட்கார்ந்தார். அது மனப்பாடம்தான். இருந்தாலும் மடித்த தாளைப் பிரித்துத் திரை ஓரமாக வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். "பெட்டி பின்பக்கம் திறக்கும். முன்பக்கத்த ஓரமா நகர்த்தணும்." நகர்த்தினார். பதினேழு பெட்டிகளும் சீட்டுக்கட்டு மாதிரி வெளியே வந்தன. "சரின்னு போட்டிருக்கறத அமுக்குனா ஒன்னும் போகாம மறையும்." பதினாறு தடவை 'சரி' அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் மேலாளர் "பாத்து, பாத்து" என்று முனகினார். புகார்க்காரர் வாசலில் நின்று எண்ணினார். "எட்டெழுத்துக்கு மேல பேரு கூடாது." கடிதத்தின் பெயர் 'பணிநீட்டிப்புப் பரிந்துரை கடைசித் திருத்தம்' என்று வண்டி நீளத்துக்கு இருந்தது.

"பேர மாத்து! எதையாவது வை!" என்றார் மேலாளர்.

விரலுக்கு முதலில் வந்ததை அட்டாச் அடித்தார்: 'நான்'.

"மூடுன்னு இருக்கறதுதான் அனுப்பறது." மூடினார்.

நாலு ஐம்பத்தேழு. சுருள்முடி மறைந்து, அதன் இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் வந்து நின்றது.

"வந்திருச்சு" என்றது போன். "சார், நான் எந்தப் படத்தையும் பாக்கல."

"எந்தப் படம்?" என்றார் மேலாளர், உடனே.

திங்கட்கிழமை முழுக்க அட்டாச் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். கிழித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? புதன்கிழமை உத்தரவு வந்தது. மேலும் ஓர் ஆண்டு, தற்காலிகம்தான். அதோடு இன்னொரு தாளும் இருந்தது. மற்ற கிளை அலுவலகங்களிலும் பெட்டிகளை மாற்றப் போகிறார்களாம். அதற்கு முன் வாரத்தில் இரண்டு நாள் இவர் அங்கெல்லாம் போய் இருக்கிற பெட்டிகளைக் கணக்கெடுக்க வேண்டுமாம். ஒன்றும் புரியாமல் அந்த அம்மாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், என்னப் போய் அனுப்பறீங்களே?"

"ஒவ்வொரு ஆபீஸ்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருப்பாரு. எங்கிட்ட பதிமூணுதான் குடுப்பாரு. பதினாலாவது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதல்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். "மத்த ஆபீஸுக்கெல்லாம் போய், எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறியா?"

"ஆமாப்பா."

"அப்ப இன்ஸ்பெக்டர்னு சொல்லேன்டா! இத இத்தன வருஷமா சொல்லத் தெரியாம ஃபைலு கிய்லுன்னுக்கிட்டு!" சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் சித்தப்பா போன் செய்து, தன் மச்சானின் குடிநீர் இணைப்பை இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சொல்லி முடித்துத் தர வேண்டும் என்றார்.

முதலில் போன கிளை அலுவலகத்தில் இவருடைய வேலையைச் செய்தவர் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்குகிறவர். ஃபைல் இணைக்கிற பட்டனில் உள்ள படத்தை வைத்து, அங்கே எல்லோரும் அவரைக் 'கிளிப்பு' என்று கூப்பிட்டார்கள். மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அட்டாச் அதைப் பார்த்ததுமே, எழுந்தால் அது கிறீச்சிடும் என்று தெரிந்துகொண்டார். அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். பதினோரு பெட்டிகள், பச்சை மையில், அச்சடித்த மாதிரி.

"பிரமாதமா இருக்குக்கா" என்றார் அட்டாச். மனதாரத்தான் சொன்னார். "எல்லாம் இதுல இருக்கா?"

"எல்லாம் இருக்கு தம்பி. ஒன்னு விடாம."

சொல்லும்போதே அக்காவின் இடது கை மடியில் இருந்த கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அட்டாச் நோட்டை மூடினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் என்னோடத சட்டைப் பையில வச்சிருந்தேன்க்கா" என்றார். "பேனாவுக்குப் பின்னால."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல ஜிப்பைத் திறந்தார்.